வாழவந்தியில் ஒரு பிற்பகல்

காரவள்ளியைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் கொண்டையூசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். மொத்தம் 70 வளைவுகள். எண்ணும் பொறுப்பு மகளுடையது. நாற்பதுக்கு மேல் தலைசுற்றல் வந்துவிடும். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடக்கிக்கொண்டிருப்பாள். கடந்த ஜூன் மாதம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். அவளை அன்று காலையில்தான் மலையடிவாரத்து ஊரொன்றில் விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தோம். அவளுக்கு வயது பத்து. வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல் மலைக்குப் பேருந்து ஏறிவிட்டோம். அன்று வளைவுகளை எண்ணுவாரில்லை.

கொல்லிமலை எங்களுக்குத் தொழில்முறையில் நெருக்கமானது. இருவரும் தமிழ் படித்தவர்கள். ஒருவர் கல்லூரியில் கற்பிக்கிறோம். வல்வில் ஓரியையும், அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த காரியையும், காண்பாரை மயக்கும் கொல்லிப்பாவையையும் ஆண்டுதோறும் வகுப்பறையில் உயிர்ப்பித்து வருகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் மலையிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஓரிக்கு அப்புறம் எங்கள் மலையில் யாருமே வாழவில்லையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாணவர்தான் வாழவந்தியில் உள்ள வெள்ளைக்காரக் கல்லறைகளைப் பற்றிச் சொன்னவர்.

ஆங்கிலேயர் வரலாறு என்றதும் கோட்டையும் கலெக்டரும் நினைவுக்கு வருவது நம் பழக்கம். லெ ஃபானு 1883-இல் தொகுத்த சேலம் மாவட்ட மேனுவலையும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் எழுதிய கெசட்டியரையும் நூலகத்தில் புரட்டியிருக்கிறோம். அவை ஆள வந்தவர்களின் கணக்குப் புத்தகங்கள். வாழ வந்தவர்களைத் தேட வேறிடம் போக வேண்டும். ஊரின் பெயரே வாழவந்தி என்று அமைந்தது தற்செயல்தான். ஆயினும் அதைச் சொல்லிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்தவர். 1913-இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்துகொண்டு, மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் ஏறத் தயங்கிய இம்மலையில் குடியேறினார். சமயம் பரப்ப வந்தவர்கள்தாம். அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர்களுடைய நாள்கள் பெரும்பாலும் சீழிலும் காய்ச்சலிலும் கழிந்தன. நரம்புச்சிலந்தி அப்போது இங்கே சாதாரண நோய். தோலைத் துளைத்து வெளிவரும் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தெடுக்க வேண்டும். முழு நீளம் ஒரு மீட்டர் வரைகூட இருக்கும். நோய் குடிநீரிலிருந்து வருவதால், கிணறுகளைச் சீர்செய்யவும் ஜெஸ்ஸி ஊராரைத் தூண்டினார். இந்தியாவில் இந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல்.

இதையெல்லாம் அருகிருந்து பார்த்த மகனுக்கு மருத்துவத்தின் மீதே அருவருப்பு வந்துவிட்டது. 1914-இல் இம்மலையில் பிறந்த பால் பிராண்ட் அவர். மரமேறியும் வயலில் தவளை பிடித்தும் வளர்ந்தவர். அப்படி ஒருநாள் தவளைக்காக நெல்வயலைக் கலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மலைவாழ் முதியவர் வந்து, வரப்பின் மேல் வழிந்தோடும் கலங்கல் நீரைக் காட்டி, போவது தண்ணீரல்ல, தலைமுறைகளின் சோறு என்று புரியவைத்ததைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அம்முதியவரைத் 'தாத்தா' என்றே அதில் குறிப்பிடுகிறார். ஒரு பிடிச் சேற்றின் மதிப்பை உலகுக்குச் சொன்ன அந்த ஆங்கிலக் கட்டுரையின் வேர் நம் படிக்கட்டு வயல்களில் இருக்கிறது.

ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காக அவரையும் தங்கையையும் லண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். மகன் தந்தையை மீண்டும் பார்க்கவில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் போயிற்று. கடிதமோ கப்பலில் போக வேண்டும். ஆகவே மரணச் செய்திக்குப் பின்னும் தந்தையின் கடிதம் மகனுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் மரவேலையும் கட்டட வேலையும் பயின்ற அந்த மகன் பிறகு மருத்துவரானார். 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயில் விரல்கள் தேய்வதற்குக் காரணம் தசை அழுகுவதல்ல, வலி உணராமையால் ஏற்படும் காயங்களே என்று காட்டினார்; மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். 2003-இல் மறைந்தார். தாய் ஈவ்லினோ, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல், மட்டக்குதிரையில் ஊர் ஊராகத் திரிந்து, 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அக்கல்லறைகளின் முன் நாங்கள் நெடுநேரம் பேசாமல் நின்றோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, காப்பிக்கு நிழலாக வெள்ளையர் காலத்தில் தென்னிந்திய மலைகளுக்கு வந்த மரம். இன்று அது அந்நியம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளையைத் தொலைவில் விட்டதைப் பெற்றோரின் தியாகம் என்றுதான் நூல்களில் படித்திருந்தோம். அன்று அது பிள்ளையின் தியாகமாகவும் தெரிந்தது. எங்களைவிட அவர்களுக்குக் காரணமேனும் பெரிது. எங்களுடையது மதிப்பெண்.

விடுதியில் தொலைபேசி ஞாயிறு மட்டுமே. செம்மேட்டில் சூடான காப்பி குடித்தபின் அஞ்சலகத்தில் ஓர் இன்லண்ட் கடிதம் வாங்கி, இருவருமாக எழுதினோம்: மழை தூறுகிறது, அன்னாசி வாங்கியிருக்கிறோம், மிளகு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. அறிவுரை எதுவும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நான்கே வரிகள். கடைசி வரி ஒரு கேள்வி: வளைவுகளை யார் எண்ணியது?

வரும் விடுமுறையில் அவளோடு போகும்போதுதான் அதற்கு விடை சொல்ல வேண்டும்.