மனம் ஒருமுகப்பட: கோல்ஃப் ஆட்டம் தரும் படிப்பினை



கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்குச் செல்வந்தர்களின் பசும்புல் மைதானமே நினைவுக்கு வரும். அந்த மட்டையைத் தொட்டும் அறியாத ஒரு மதரஸா ஆசிரியன் அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூரு செல்வோர் ஏராளம். அவ்வாறு சென்ற என் பழைய மாணவர் ஒருவர் அங்குள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடப்பவராக, வேலை செய்கிறார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் என்னைச் சந்திப்பார். அவர் சொன்ன செய்திகள், குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளிடம் நான் நெடுநாளாகக் கண்டுவரும் ஒரு சிக்கலை விளங்கிக்கொள்ள உதவின.

அந்தச் சிக்கல் இதுதான். தனியே அமர்ந்து பிழையின்றி ஓதும் பிள்ளை, ஜமாஅத்தார் முன்னிலையில் நின்றதும் தடுமாறுகிறான். பாடம் மறந்துவிடவில்லை, மனம் வேறிடம் போய்விடுகிறது. "கவனமாக ஓது" என்று பெற்றோரும் ஆசிரியரும் கண்டிக்கின்றனர். கவனத்தை எவ்வாறு வரவழைப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. என்னிடம் பயிலும் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் தந்தை, "இவனால் முடியாது ஹஜ்ரத், நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லும் நிலை வந்தது.

கோல்ஃப் ஆட்டத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் விட்டமும் 108 மில்லிமீட்டர்தான். ஒரு சுற்று முடிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர் அடிப்பது ஏறத்தாழ 70 அடிகளே. ஓர் அடிக்கு இரண்டு நொடி கூட ஆவதில்லை. கூட்டிப் பார்த்தால் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். எஞ்சிய நேரமெல்லாம் நடப்பதும் காத்திருப்பதுமே. மனம் அலைவது அந்த இடைவெளியில்தான். ஓடிக்கொண்டேயிருக்கும் கால்பந்தாட்டக்காரனுக்குக் கவலைப்பட நேரமில்லை. கோல்ஃப் ஆட்டக்காரனுக்கோ கவலைப்படுவதற்கென்றே நேரம் ஒதுக்கித் தரப்பட்டிருக்கிறது.

என் மாணவர் சொன்னார்: "போன அடியையே நெனச்சிட்டு நடக்கறவங்க அடுத்த அடியையும் கெடுத்துக்கறாங்க, ஹஜ்ரத். நல்லா ஆடுறவங்க நடக்கும்போது வீட்டுக் கதை பேசுவாங்க. பந்துகிட்ட வந்ததும் ஆளே மாறிடுவாங்க."

இதில் ஓர் உண்மை இருக்கிறது. நான்கு மணி நேரமும் மனத்தை இறுக்கிப் பிடித்திருக்க எவராலும் இயலாது. பிடித்திருக்க முயன்றால், தேவையான நேரத்தில் அது களைத்துப் போயிருக்கும். தேர்ந்தவர்கள் மனத்தைத் தளர விடுகிறார்கள். உரிய நேரத்தில் திரும்ப அழைக்கிறார்கள். அழைப்பதற்கு ஒரு மாறாத ஒழுங்கை வைத்திருக்கிறார்கள். பந்தின் பின்னால் நின்று திசையைப் பார்ப்பது, ஒருமுறை மூச்சை மெல்ல விடுவது, மட்டையை ஓரிரு முறை வெறுமனே வீசிப் பார்ப்பது, பிறகு அடிப்பது. எளிய அடியானாலும் கடினமான அடியானாலும் அதே செயல்கள், அதே வரிசை. பழகிய அந்த வரிசையே மனத்தைப் பந்தினிடம் கொண்டுவந்து நிறுத்துகிறது.

பார்வைக்கும் இதில் பெரும் பங்குண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், பந்தைக் குழிக்குள் உருட்டும்போது ஆட்டக்காரர்களின் கண்கள் எங்கே செல்கின்றன என்பதை ஆராய்ந்தார். தேர்ந்தவர்களின் பார்வை அடிப்பதற்கு முன் பந்தின் மீது அசையாமல் நிலைத்தது. பந்து உருண்டு சென்ற பின்னும் அதே இடத்தில் ஒரு கணம் தங்கியது. தேர்ச்சி குறைந்தவர்களின் கண்கள் இங்குமங்கும் அலைந்தன. தொழுகையில் நிற்கும்போது பார்வையை ஸஜ்தா செய்யும் இடத்தில் வைக்குமாறு நம் அறிஞர்கள் கற்பிப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கண் நிலைத்தால் மனம் நிலைப்பது எளிது.

பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக்கை 2021 ஆகஸ்டில் நாடே கவனித்தது. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்த அவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். வெகு தூரம் அடிப்பதில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்த அந்தப் பெண், குழிக்கு அருகில் பந்தை உருட்டும் நுட்பமான அடிகளின் வலிமையால் கடைசி நாள் வரை முன்னணியில் நின்றார். அங்கே உடல் பலத்தைவிட அமைதியே பெரிதும் தேவைப்படுகிறது.

நம் சமுதாயத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. டெல்லி கோல்ஃப் மைதானத்தில் கேடியாக இருந்து ஆட்டம் பழகிய அலி ஷேர், 1991ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவரே. 1993இல் மீண்டும் வென்றார். பிறருடைய பையைச் சுமந்து நடந்தவர் அந்த மைதானத்தின் வெற்றியாளராக உயர்ந்தார்.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின், அந்தச் சிறுவனுக்கும் ஓர் ஒழுங்கைப் பழக்கினேன். ஓதுவதற்கு முன் எதிரே ஓரிடத்தில் பார்வையை நிறுத்த வேண்டும். ஒருமுறை மூச்சை மெல்ல விட வேண்டும். அவசரமின்றி அஊதும் பிஸ்மில்லாஹ்வும் சொல்லித் தொடங்க வேண்டும். வகுப்பில் தனியே ஓதும் சாதாரண நாளிலும் இதே வரிசைதான். இடையில் பிழை நேர்ந்தால் அதற்காக வருந்தி நிற்கக் கூடாது. அந்த வசனத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். முடிந்து போன அடியைத் திரும்ப அடிக்க முடியாது, அடுத்த பந்து காத்திருக்கிறது என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன்.

சில மாதங்களுக்குப் பின் ஜமாஅத்தார் முன் அவன் ஓதினான். ஓரிடத்தில் நின்றுவிட்டான். மஸ்ஜித் முழுவதும் அமைதி. அவன் அழவில்லை, தந்தையின் முகத்தைப் பார்க்கவுமில்லை. மூச்சை விட்டான், வசனத்தின் தொடக்கத்துக்குச் சென்றான், ஓதி முடித்தான். தடுமாற்றம் அவனிடம் இன்றும் உண்டு. திரும்பி வரும் வழி தெரிந்துவிட்டது. நிறுத்திவிடுவதைப் பற்றி அவன் தந்தை இப்போது பேசுவதில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் மனம் அலைவதைக் குற்றமாகக் கருதாதீர்கள். அலைவது மனத்தின் இயல்பு. படிக்க அமரும் இடமும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அரை மணி நேரம் படித்தால் சற்று எழுந்து நடக்க விடுங்கள். மனம் போனால் திட்டாமல் திரும்ப அழைக்கப் பழக்குங்கள். எத்தனை முறை போனாலும் அத்தனை முறை அழைக்கட்டும். பயிற்சி என்பது அதுவே.

நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் அமைதியையும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.