வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி

மே 26, திங்கள்

அடுத்த திங்கள் பள்ளி திறக்கிறது. மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் சிறப்புப் பள்ளியில், இந்த வருஷம் என் வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள். அதில் மூன்று பேர் புதிது. கோப்புகளைப் படித்தாயிற்று. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் என்று எழுதியிருப்பதை வைத்து எந்தப் பிள்ளையின் முதல் நாளையும் திட்டமிட முடியாது. அதற்கு வேண்டிய விவரம் அம்மாக்களிடம்தான் இருக்கிறது. இன்று முழுக்க போனில் அவர்களோடு பேசினேன். எதற்குப் பயப்படுவான், பாத்ரூம் வந்தால் எப்படிக் காட்டுவான், கோபம் வந்தால் என்ன செய்வான், எப்படிச் சமாதானமாவான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

“மிக்ஸி சத்தம் ஆகாது மிஸ். தயிர்சாதம் மட்டும்தான் சாப்பிடுவான். அதுவும் அந்த நீல டப்பாலதான் வேணும்.”

நீல டப்பாவையும் குறித்துக்கொண்டேன். ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு வரும். மருந்து நேரம், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆயாம்மாவுக்கு வாயாலும் சொல்ல வேண்டும்.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. வெயில் முடிந்தபாடில்லை.

பட அட்டவணை தயார். பொம்மைப் படம் எதுவும் இல்லை. எங்கள் வகுப்பு மேஜை, எங்கள் கழிவறைக் கதவு, எங்கள் எவர்சில்வர் டம்ளர் என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, லஸ்ஸில் லேமினேட் செய்து, பின்பக்கம் வெல்க்ரோ ஒட்டினேன். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளை அந்த அட்டையை உரித்து டப்பாவில் போட வேண்டும். மிச்சம் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது எளிதில் புரியும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் இதை அடிப்படையாக வைத்து வளர்த்த ‘டீச்’ முறை 1972இல் அந்த மாநிலம் முழுமைக்குமான திட்டமானது. இன்று இங்கேயும் அது வழக்கத்தில் இருக்கிறது.

கண்ணுக்கும் காதுக்கும் தொந்தரவு குறையட்டும் என்று சுவரில் இருந்த ஜிகினாத் தோரணங்களைக் கழற்றிவிட்டேன். முதல் வாரம் மணி அடிக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணாவிடம் கேட்டுக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

பெற்றோர் சந்திப்பு. புதுப் பையனின் அப்பா கேட்டார்: “முதல் வாரம் என்ன மேடம் சொல்லித் தருவீங்க? ஏபிசிடியா, அ ஆவா?”

“வேண்டாம்னு சொல்லக் கத்துத் தருவோம் சார்.”

“அதான் வீட்ல நாள் பூரா பண்றானே! தள்ளிவிடறான், கடிக்கறான்.”

அவர் சொன்னதிலேயே காரணமும் இருக்கிறது. பேச்சு வராத பிள்ளைக்கு மறுக்க வேறு வழி கிடைக்கவில்லை. கடித்தால்தான் எதிரே இருப்பவர் நிறுத்துகிறார். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிள்ளை எதற்காக அப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்து, அதையே கேட்க ஒரு வழி கற்றுக்கொடுத்தால் அந்த நடத்தை குறைகிறது. அது அட்டையாக இருக்கலாம், கைச்சைகையாக இருக்கலாம், முகத்தைத் திருப்புவதாகவும் இருக்கலாம். கோட்டூர்புரம் வித்யா சாகரோடு சேர்ந்து சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ செயலியில், படத்தைத் தொட்டால் கருவி பேசுகிறது.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டால் மறுக்க இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னபடி கேட்பதை மட்டும் பழக்கினால் அன்றைக்கும் அது சும்மா இருக்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘வேண்டாம்’ அட்டை ஒன்றை வீட்டுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மே 31, சனி

லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பழகிய வழி மாறினால் ஒரு பையன் ஆட்டோவிலேயே அலறுவான். இன்று அவன் அம்மா புது வழியில் அவனை ஒருமுறை அழைத்து வந்தார்கள். வழியில் எடுத்த போட்டோக்களை வரிசையாக வைத்து அவனுக்கு ஒரு சின்னப் புத்தகம் செய்தேன்.

ஜூன் 2, திங்கள்

புதுப் பையன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். களிமண்ணை அவன் முன் வைத்ததும் தோள் இறுகியது. கை தள்ளப் போனது. அவன் பின்னால் நின்ற ஆயாம்மா அந்தக் கையில் ‘வேண்டாம்’ என்பதற்கான சிவப்பு அட்டையைக் கொடுத்து, என் உள்ளங்கையில் வைக்க உதவினார். “வேண்டாம். சரி” என்று சொல்லி உடனே களிமண்ணை எடுத்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தேன். மறுபடி அட்டை, மறுபடி எடுத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் யார் உதவியும் இல்லாமல் அவனே அட்டையை எடுத்துக் கொடுத்தான். இன்று அவன் யாரையும் கடிக்கவில்லை.

உடனே எடுப்பதுதான் முக்கியம். “இன்னும் ஒரு தடவை, கண்ணா” என்று கெஞ்சினால் அட்டைக்கு மதிப்பு போய்விடும்.

ஜூன் 6, வெள்ளி

எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பானே என்று ஒரு அம்மா கவலைப்பட்டார். சில நாள் அப்படித்தான் இருக்கும். தன் மறுப்புக்கு மதிப்புண்டு என்று தெரிந்த பிறகு பிள்ளை மெல்லத் துணிந்து தொட்டுப் பார்க்கும். மருந்து சாப்பிடுவது, ரோட்டைக் கடக்கக் கை பிடிப்பது போன்றவற்றில் விருப்பத்துக்கு இடமில்லை. அங்கே “போலாமா?” என்று கேட்காமல் “இப்ப போறோம்” என்று படத்தைக் காட்ட வேண்டும்.

எட்டுப் பேர் என்பதால் இதைச் செய்ய முடிகிறது. பொதுப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஒருநாள் வந்து போகும் ஆசிரியர் ஒரு தோள் இறுகுவதைக் கவனிக்க முடியாது. ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்பாசிரியர் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ பேச்சு வராத பிள்ளை இருந்தால், அகரத்துக்கு அவசரப்படாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல முதலில் ஒரு வழி கொடுங்கள். பிள்ளை அதைச் சொன்னதும் நிறுத்துங்கள்.