தண்ணீருக்கு எவ்வளவு மேலே?

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணிக்கு எவ்வளவு பக்கம்?" என்றுதான். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் சில கோடைகளைக் கழித்த பிறகு நான் கேட்கும் கேள்வி வேறு: தண்ணீருக்கு எவ்வளவு மேலே?

மான்செஸ்டரில் இருக்கும் எங்களுக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம்தான். வெள்ளிக்கிழமை மதியம் எம்6 சாலையைப் பிடித்தால், நெரிசல் இல்லாத பட்சத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் விண்டர்மியர் வந்துவிடும். 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலைநாடு இது. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்குகளில் ஏரிகள் நீளநீளமாகக் கிடக்கின்றன. விண்டர்மியர் மட்டுமே சுமார் 17 கிலோமீட்டர் நீளம். ஏரிகளைச் சுற்றி மலை, மலை முழுக்கச் செம்மறி ஆடுகள், ஆடுகளின் மேல் மழை.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கேம்ப்சைட் தேடுவது பற்றிப் பேச முடியாது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று இந்த மலைகளில் வந்து முட்டுகிறது. போரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள சீத்வெயிட் இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று பெயர் வாங்கியது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5-ஆம் தேதியோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது. பிரிட்டனில் 24 மணி நேரத்தில் பதிவான மழையில் அதுதான் உச்சம். சென்னை மூழ்கியதும் அதே வாரத்தில்தான். எங்கள் வீட்டில் டிவியில் ஒரு பக்கம் முடிச்சூர், இன்னொரு பக்கம் லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியா என்று இரண்டு வெள்ளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்ப்ரியாவைத் தாக்கிய அந்தப் புயலில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் உள்ள கிளென்ரிடிங் கிராமத்துக்குள் மலை ஓடை புகுந்து கல்லையும் சேற்றையும் வாரிக் கொட்டியது.

அது குளிர்காலப் புயல், கோடையில் அப்படி வராது என்று சொல்வார்கள். அந்த அளவுக்கு வராதுதான். ஆனால் ஜூலை மாதத்திலும் ஒரே இரவில் ஏரியின் விளிம்பு உங்கள் செருப்பைத் தொட்டுப் பார்க்கும்.

கேம்ப்சைட் விளம்பரங்களில் எல்லாம் ஒரே படம்தான் இருக்கும். கூடாரத்தின் வாசல் திறந்திருக்கிறது, உள்ளே இரண்டு ஜோடிக் கால்கள், வெளியே கண்ணாடி போல ஏரி. அந்தப் படம் எடுத்த நாளில் காற்று இல்லை என்பதை ஏரியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். காற்று இல்லாத சாயங்காலத்தில் நீர்க்கரையில் மிட்ஜ் வரும். மிட்ஜ் என்பது கொசுவில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சி. ஒன்று கடித்தால் தெரியாது, ஆனால் அது ஒன்றாக வருவதே இல்லை. தலைமயிருக்குள், காதுக்குள், தேநீர்க் கோப்பைக்குள் என்று எல்லா இடத்திலும் இருக்கும். நல்ல வேளையாக, லேசான காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. ஆகவே தோப்புக்குள் ஒடுங்கிய, காற்றுப்படாத கரை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மேட்டில், காற்று கொஞ்சம் தடவிப் போகிற இடமே போதும்.

தண்ணீரை ஒட்டிப் படுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரவில் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் எழுந்து பார்த்தால் கரையோரக் கூடாரங்கள் பனிமூட்டத்துக்குள் நனைந்து கிடக்கும். ஐம்பதடி மேலே இருப்பவன் காய்ந்த துணியோடு காபி குடித்துக்கொண்டிருப்பான். போதாததற்கு, கேம்ப்சைட்டில் உள்ள அத்தனை பேரும் ஏரிக்குப் போகும் வழி உங்கள் வாசல்தான். துடுப்புப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் அனுபவத்தில் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஐந்து நிமிடத்தில் மொத்தப் பாடத்தையும் நடத்தியவர் என் மாமனார். திருவாரூர்ப் பக்கம் நெல் விவசாயம். கோடைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவரைக் கையோடு கூட்டிப்போனோம். அந்தக் கேம்ப்சைட்டில் இடத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். வயலின் கீழ்க்கோடியில், ஏரியைப் பார்த்தபடி, பாய் விரித்தது போலச் சமதளம். முதலில் வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கூடாரப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இங்க வேண்டாம் மாப்ள."

"ஏன் மாமா? தரை நல்லாத்தானே இருக்கு?"

"பச்சையா இருக்குன்னு பாக்காதீங்க. அங்கங்க கோரை நிக்குது பாருங்க. கோரை நிக்கிற எடத்துல தண்ணி நிக்கும்."

அது நம் ஊர்க் கோரை இல்லை. இங்கே ரஷ் என்று சொல்லும் செடி. கரும்பச்சை நிறத்தில், உருண்டையான ஈர்க்குகள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவர் சொன்னது அட்சரசுத்தம். வடிகால் சரியில்லாத மண்ணுக்கு அந்தச் செடிதான் அடையாளம் என்று இங்குள்ள விவசாயிகளும் சொல்வார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றி ஒரு திருகு திருகினார். குழியில் தண்ணீர் மெதுவாக ஊறி வந்தது. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஏரிகளின் தலைமாட்டில் இருக்கும் சமதளங்கள் எல்லாம் மலை ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். குட்டி டெல்டாக்கள். காவிரி டெல்டாவில் பிறந்து வளர்ந்தவருக்கு அங்கே தண்ணீர் எங்கே வரும், எங்கே நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடாரத்தை வயலின் நடுப்பகுதியில், லேசான சரிவில் போட்டோம். தலை மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். கூடாரத்தின் முதுகு தென்மேற்கே, ஏனென்றால் இங்கே காற்றும் மழையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. இரவு ஒரு மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் கீழ்க்கோடியில் இருந்தவர்கள் படுக்கைகளைக் கார் கதவுகளில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பல் குச்சி தேடப் போய்விட்டார்.

மரத்தடியும் வேண்டாம் என்பது அவர் சொன்ன இன்னொன்று. நம் ஊரில் மரத்தடி நிழல். இங்கே மரத்தடி என்பது மழை நின்ற பிறகும் இரண்டு மணி நேரம் பெய்யும் மழை. அத்தோடு, ஆஷ் மரங்களைப் பீடித்திருக்கும் பூஞ்சை நோய் சில வருடங்களாக நாடு முழுக்கப் பரவிவிட்டது. பட்டுப்போன கிளை எப்போது முறியும் என்று தெரியாது. மரம் காற்றுக்கு மறைப்பாக இருக்கட்டும், தலைக்கு மேலே வேண்டாம்.

நிலம் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி மனிதர்கள். கூடாரத்துணிக்குச் சுவர் என்று பெயர் வைத்தாலும் அதற்குச் சுவரின் குணம் ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை விட்டால் நமக்குத் தூக்கம் போகும். நாம் பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியாது என்பது மட்டுமே ஆறுதல். தீப்பிடித்தால் பரவாமலிருக்க ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இங்குள்ள வழக்கமான விதி. ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் அந்த ஆறு மீட்டரைக் கடைப்பிடிக்கிற இடம் எது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். ரொம்பப் பக்கமாக இருந்தால் இரவு முழுக்கக் கதவுச் சத்தம். ரொம்பத் தூரமாக இருந்தால் மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓட்டம்.

நம்மவர்களுக்கு என்று ஒரு தனிக் கவலை உண்டு, சோறு. பல கேம்ப்சைட்டுகளில் காசு கூடக் கொடுத்தால் கூடாரத்துக்கு மின்சார இணைப்பு தருகிறார்கள். ஆனால் எத்தனை ஆம்பியர் என்று கேட்க வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கர் மூன்று ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும், பிரச்சினை இல்லை. வீட்டில் இருக்கும் 3 கிலோவாட் கெட்டிலைக் கொண்டுபோய்ச் செருகினால் பதிமூன்று ஆம்பியர். பத்து ஆம்பியர் இணைப்பு விழுந்துவிடக்கூடும். கேம்பிங் கடைகளில் குறைந்த வாட் கெட்டில் விற்கிறார்கள், கொதிக்க நேரம் பிடிக்கும், ஆனால் கொதிக்கும். சாம்பார் பொடியை வறுக்கிற வேலையை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றை விளையாட்டாகச் சொல்ல முடியாது. மழை வந்துவிட்டது என்று அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்துவிட்டது என்று நினைக்கும் கரிகூடக் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை இல்லை, புகை இல்லை, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குளிர்காயக் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு செத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

காசு கொடுத்துக் கேம்ப்சைட்டில் ஏன் தங்க வேண்டும், மலையில் எங்காவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் போட்டுக்கொள்ளலாம். 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அங்கேயும் லாக் லோமண்ட் கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர்வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் கூடாரம் போட உரிமை கிடையாது. விதிவிலக்கு தெற்கே உள்ள டார்ட்மூர். அங்கே ஒரு நிலச் சொந்தக்காரர் தொடுத்த வழக்கு கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று ஏறி, 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் கூடாரக்காரர்கள் பக்கம் தீர்ப்பானது. லேக் டிஸ்ட்ரிக்ட்டில் விவசாய வேலிகளுக்கு மேலே, உயரமான மலையில், ஒரே ஒரு இரவு, தடயம் இல்லாமல் தங்கினால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். அது சலுகைதான், உரிமை இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கூடாரம் போட்டு ஊர் சுற்றுவதை இந்த நாட்டில் ஒரு பொழுதுபோக்காக ஆக்கியவர் ஒரு தையற்காரர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. தாமஸ் ஹிராம் ஹோல்டிங். சைக்கிளில் கட்டி எடுத்துப்போகும்படி லேசான கூடாரங்களைத் தானே வடிவமைத்தார். 1901-இல் அவர் தொடங்கிய சைக்கிள் கூடாரக்காரர் சங்கம்தான் பின்னாளில் கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப்பாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. 1908-இல் கையேடும் எழுதினார். இன்று நாங்கள் கார் டிக்கி மூடாத அளவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

சரி, எங்கே போவது? நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் இடங்களை வைத்தே சொல்கிறேன். குழந்தைகள் இருந்தால் லோ ரே. விண்டர்மியரின் மேற்குக் கரை, பக்கத்திலேயே ஒரு கோட்டை. 2005 முதல் விண்டர்மியரில் படகுகளுக்கு மணிக்கு பத்து கடல் மைல் வேகக் கட்டுப்பாடு இருப்பதால் முன்போல மோட்டார் படகு இரைச்சல் இல்லை. ஆனால் வெயில் காலத்தில் அந்த ஏரியில் நீலப்பச்சைப் பாசி வரும். அது நச்சு. எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

தனிமை வேண்டுமானால் வாஸ்டேல். இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரியும் (வாஸ்ட்வாட்டர், சுமார் 79 மீட்டர்) மிக உயரமான மலையும் (ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர்) ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. கடைகண்ணி அதிகம் கிடையாது, போனில் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். தரை முழுக்கக் கல். வயலில் பொறுக்கிய கல்லைப் போட இடமில்லாமல் ஆள் அகலத்துக்குச் சுவராகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய முளைக்குச்சி அங்கே வளையும், எஃகு முளை எடுத்துப்போங்கள். ஏரித் தண்ணீர் ஆகஸ்டிலும் ஐஸ். கிழக்கிலிருந்து வந்தால் ஜிபிஎஸ் உங்களை ஹார்ட்நாட் கணவாய் வழியாக அனுப்பப் பார்க்கும். மூன்றடி போனால் ஓரடி ஏறும் சாலை அது. நிறைய சாமானும் பழக்கமில்லாத டிரைவருமாக இருந்தால் சுற்றுவழியே மேல்.

மலை ஏறத்தான் வருகிறோம், ஏரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு கிரேட் லாங்டேல். ஆம்பிள்சைடிலிருந்து பஸ் வரும்.

முதல் தடவை போகிறவர் என்னைக் கேட்டால் லோ ரே என்றுதான் சொல்வேன். அதுவும் ஜூன் மாதத்தில். பள்ளிகள் ஜூலைக் கடைசியில்தான் மூடும், அதற்குமுன் கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு. சூரியன் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் மறையும் என்பதால் வேலை முடித்துக் கிளம்பினாலும் வெளிச்சத்திலேயே இடத்தைப் பார்த்து, குதிகாலால் அழுத்திப் பார்த்து, முளை அடிக்கலாம். பெரணிப் புதர்களில் நடந்துவிட்டு வந்தால் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இரவில் பாருங்கள். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதைக் கிளம்பும்போதே வாங்கிக்கொண்டு போங்கள்.