பஸ் வண்டியில் ஒரு கோழி

தொலைக்காட்சித் தொடர் நாடகம் என்றாலே முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம். மாமியாரின் சூழ்ச்சியையும் மருமகளின் கண்ணீரையும் ஆண்டுக்கணக்கில் நீட்டி விற்கும் அந்த வியாபாரத்தைக் கண்டித்து வகுப்பறையில் நாம் செய்த பிரசங்கங்கள் பல. அத்தகைய நாமே 250க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கொண்ட ஓர் அமெரிக்கத் தொடரை இரண்டு வருடங்களாக இரவு தோறும் பார்த்து வந்தோம்; சென்ற மாதம் அதன் இறுதிப் பகுதியையும் பார்த்து முடித்தோம். இதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பென்ட்ரைவில் பதிந்து தந்ததால் வந்த வினை இது.

நாடகத்தின் பெயர் 'மாஷ்'. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தில், போர்முனைக்கு அண்மையில் கூடாரமடித்திருந்த அமெரிக்கப் படையின் சத்திரசிகிச்சை நிலையமொன்றே அதன் களம். 1972 செப்டெம்பரில் தொடங்கி 1983 பெப்ரவரி 28இல் முடிவுற்றது. மூன்று வருட யுத்தத்தைச் சொல்லப் பதினொரு வருடம் பிடித்தது! வியட்நாம் மீது குண்டு பொழிந்து கொண்டிருந்த நாட்களில் பிறந்த நாடகம் அது. கொரியாவின் பெயரைச் சொல்லி வியட்நாமைப் பேசிய துணிவை நாம் மதிக்கிறோம். இறுதிப் பகுதியை அமெரிக்காவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர் என்பது வரலாறு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. காயப்பட்டு வரும் அமெரிக்க வாலிபனுக்கு இந்த நாடகத்தில் பெயர் உண்டு, ஊர் உண்டு, தாய்க்கு அவன் எழுதிய கடிதம் உண்டு. எவருடைய மண்ணில் அந்த யுத்தம் நடந்ததோ, அந்தக் கொரியக் குடியானவனோ பெரும்பாலும் வண்டியிழுத்துக்கொண்டு பின்னணியிற் போய்விடுகிறான். அவனுடைய வயலுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்போர் அங்கு குறைவு. மலைகள்கூடக் கலிபோர்னியாவின் மலைகளே. 1982இல் காட்டுத்தீ பரவிப் படப்பிடிப்புத் தளம் எரிந்தபோது, அத்தீயையும் இறுதிக் கதையிற் சேர்த்துக்கொண்டனர்.

இந்தக் குறை இறுதிப் பகுதியில் ஓரளவு நீங்குகிறது என்றே சொல்ல வேண்டும். படையிலிருந்து தப்பிப் போவதற்காகப் பெண்ணுடை தரித்துப் பைத்தியக்காரனாய் நடித்த கிளிங்கர், யுத்தம் முடிந்து எல்லோரும் வீடு திரும்புகையில் தான் போகாமல் நின்றுவிடுகிறான். அவன் மணக்கும் கொரியப் பெண் தன் பெற்றோரைத் தேட வேண்டியிருக்கிறது. சங்கீதப் பித்தரான வைத்தியர் வின்செஸ்டர், சரணடைந்த சீனச் சிப்பாய்கள் ஐவருக்கு மொசார்ட்டின் இசையைப் பயிற்றுகிறார். கைதிகள் பரிமாற்றத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட அந்த ஐவரும் வழியில் மாண்டு போகின்றனர். அதன் பின் அவ்விசை அவருக்கு ஆறுதல் தரவில்லை.

எம்மை வதைத்தது வேறொரு காட்சி. கதாநாயகராகிய வைத்தியர் பியர்ஸ் மனநோய் விடுதியில் இருக்கிறார். நடித்ததும் இப்பகுதியை நெறிப்படுத்தியதும் அலன் அல்டா. உளவைத்தியர் கேட்கக் கேட்க, ஒரு பஸ் பிரயாணத்தை அவர் துண்டு துண்டாக நினைவுகூருகிறார். அகதிகளும் காயப்பட்டோரும் நிறைந்த பஸ். எதிரிகள் அருகே நடமாடுகின்றனர். மூச்சு விடவும் அச்சம். பின்னால் ஒரு பெண்ணின் மடியிலிருந்த கோழி சத்தமிடுகிறது. அதை அடக்கும்படி பியர்ஸ் சினந்து சொல்கிறார். அவள் அடக்குகிறாள், கோழி செத்துப் போகிறது. இவ்வளவையும் சொல்லி முடித்த பின்னரே உண்மை வெளிவருகிறது. அது கோழியன்று. அவளுடைய குழந்தை.

அவ்விடத்தில் நாம் படத்தை நிறுத்திவிட்டோம்.

1993ஆம் ஆண்டு, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். தந்தையார் கிளிநொச்சியில் உத்தியோகம் பார்த்தார். அவரிடம் போவதற்காக அன்னையார் எம்மையும் ஏழு மாதத் தங்கையையும் கூட்டிக்கொண்டு கிளாலியில் ஓரிரவு படகேறினார். எமக்கு அப்போது வயது ஐந்து. நடுக்கடலில் தூரத்தே ஒரு வெளிச்சம் தெரிய, ஓட்டி இயந்திரத்தை நிறுத்தினார். தங்கை சிணுங்கினாள். "பிள்ளையை அமத்துங்கோ" என்று யாரோ அடிக்குரலிற் சொன்னார்கள். அன்னையார் தம் சேலைத் தலைப்பை எடுத்து அவள் முகத்தை மூடினார். வெளிச்சம் போகும்வரை மூடியபடியே இருந்தார்.

குளிருக்காக மூடினார் என்றே இத்தனை வருடமும் நாம் எண்ணியிருந்தோம். வீட்டிலும் அப்படித்தான் கதை. அன்றிரவு கடற்காற்று கடுங்குளிர் என்று நண்பர்களுக்கும் சொல்லியிருக்கிறோம். ஒருமுறை கட்டுரை வகுப்பில் மாணவருக்கும் வருணித்திருக்கிறோம். உண்மையில் அன்று வெக்கையாக இருந்தது. படகில் எல்லோருடைய சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது.

தங்கை பிழைத்தாள். கரையேறி, ஒரு மரத்தடியில் வைத்து முதுகிலே தட்டித் தட்டிய பிறகு அவள் வீரிட்டழுததும், அன்னையார் மண்ணில் அப்படியே இருந்துவிட்டதும் நினைவிருக்கின்றன. ஏன் தட்டினார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நெடுநேரத்தின் பின் மீண்டும் படத்தை ஓடவிட்டோம். திரையிலே பியர்ஸ் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அடுப்படி வேலை முடிந்து ஈரக்கையைத் துடைத்தபடி அன்னையார் வந்து நின்றார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது.

"உந்த மனிசன் ஏன் அழுகுது?"

சொல்லியிருக்கலாம். இலக்கியம் உண்மையைப் பேச வேண்டும் என்று ஊருக்கு உபதேசிக்கும் எமக்கு நா எழவில்லை.

"பஸ்ஸிலை வந்த ஒரு மனிசி, சத்தம் போட்டுதெண்டு தன்ரை கோழியைச் சாக்காட்டிப் போட்டாவாம், அம்மா."

"ஒரு கோழிக்கோ?"

நாம் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கனடாவில் இப்போது எத்தனை மணி, தங்கை எழும்பியிருப்பாளா என்று கேட்டார். எழும்பியிருப்பாள் என்றோம். அழைப்பை எடுத்துத் தரும்படி சொன்னார்.