மலைப் பக்கம், கடல் பக்கம்

வெளிநாட்டில் குடித்தனம் நடத்துகிற பெண்களுக்கு ஒரு வேலை கூடுதல். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை! சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஆனாலும் யாரும் வராத வருஷம் மனசு வெறிச்சென்று இருக்கும்.

நாங்கள் இருப்பது ஜப்பானில், கோபே நகரத்தில். என்னவரின் வேலை காரணமாக வந்து ஏழு வருஷமாகிறது. வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், நடுவில் ரிப்பன் மாதிரி நீளமாக ஊர். இந்த ஊரில் வழி தவறுவது கொஞ்சம் கஷ்டம்தான்! யாரிடம் வழி கேட்டாலும் 'மலைப் பக்கம்', 'கடல் பக்கம்' என்றுதான் சொல்வார்கள். பெரிய கடைகளுக்குள்ளேகூட அப்படி எழுதி வைத்திருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியும். அது போதும்.

என் கல்லூரித் தோழிகள் இருவர் ஒரு ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து இறங்கினார்கள். மூவருமே திருச்சியில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள். ஒருத்தி முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளை 'டீச்சர்' என்றே சொல்கிறேன். இன்னொருத்தியை அப்போதே 'குட்டி' என்றுதான் கூப்பிடுவோம். இப்போது வயசு அறுபதைத் தாண்டியும் எங்களுக்குக் குட்டிதான். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்றே காலம் போய்விட்டது. கணவர் தவறி இரண்டு வருஷம். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். முழங்கால் வலியும் உண்டு.

அவர்கள் புறப்படுவதற்கு முன்பே குட்டியின் மகன் என்னைக் கூப்பிட்டுவிட்டான். "ஆன்ட்டி, அம்மாவை மட்டும் தனியா எங்கேயும் விட்டுடாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம் என் மனசில் முள்ளாகத் தைத்தது. ஆனால் பிள்ளையின் பயமும் நியாயம்தானே? ஆகவே முன்னேற்பாடுகளை ஒழுங்காகச் செய்தோம். விருந்தாளியை எதிர்பார்த்திருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளை, இன்சுலின் ஊசி உள்பட, ஒரு மாத அளவு வரை ஜப்பானுக்குள் கொண்டு வர முன் அனுமதி வேண்டாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். ஆனால் சூடோஎஃபெட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரைகளுக்கு இங்கே தடை. நம் ஊரில் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிற மாத்திரைதானே என்று பெட்டியில் போட்டுவிடக் கூடாது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். நம் நேரத்துக்கும் இங்கே உள்ள நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குட்டி அப்படியே செய்திருந்தாள்.

அடுத்த கவலை சாப்பாடு. கோபே என்றாலே உலகம் முழுக்க மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஊர். வந்த இருவரோ முட்டைகூடத் தொடாத சைவம்! இங்கே கண்ணுக்குச் சைவமாகத் தெரிவதெல்லாம் சைவம் இல்லை. மிசோ சூப்பில் தோஃபுவும் கீரையும்தான் மிதக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் 'தாஷி'. காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்கிய சாறு. காய்கறி தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பதிலும் அது இருக்கும். நான் வீட்டிலேயே 'கொம்பு' என்ற கடல்பாசியை ஊறவைத்து அந்தச் சாற்றில் சூப் செய்து கொடுத்தேன். "இது என்னடி, ஆட்டுக் கொம்பா, மாட்டுக் கொம்பா?" என்று டீச்சர் சிரித்தாள். ஜப்பான் அரிசி குழைந்து ஒட்டும். தயிர் சாதத்துக்குப் பிரமாதம். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு குறைவாகத்தான் வைக்க வேண்டும். குட்டிக்கு ஒரு சின்னக் கிண்ணம் சாதம், தோஃபுப் பொரியல், நிறைய முட்டைக்கோஸ்.

முதல் நாள் இரவே டீச்சர் ஒரு பட்டியலை நீட்டினாள். கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஃபுஜி மலை! எட்டு நாளில் எட்டுத் திசை. நான் சொன்னேன்: "ஒரு நாள் அலைச்சல், மறுநாள் ஓய்வு. இதுதான் சட்டம்." முணுமுணுத்தாள். ஆனால் மூன்றாம் நாள் அவள்தான் முதலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்!

நாராவுக்குப் போனோம். கோபேயின் சன்னோமியா நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் சுமார் ஒன்றேகால் மணியில் போய்விடலாம். பூங்காவில் மான்கள் பயமில்லாமல் கூடவே நடக்கின்றன. பிஸ்கோத்து வாங்கி நீட்டினால் தலையை ஆட்டிக் கும்பிடுகின்றன. தோதாய்ஜி கோவிலில் உள்ள பிரம்மாண்டமான புத்தர் சிலைக்கு 752ஆம் வருஷம் கண் திறந்து வைத்தவர் நம் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. அந்தக் காலத்திலேயே ஒருவர் இத்தனை தூரம் வந்தாரா என்று டீச்சர் வாயடைத்து நின்றாள்.

இன்னொரு நாள் எங்கள் ஊரிலேயே கிடானோ பகுதி. அக்கால வெளிநாட்டு வியாபாரிகளின் மர வீடுகள் மலைச்சரிவில் வரிசையாக நிற்கின்றன. 1935இல் கட்டிய மசூதி, ஜப்பானின் முதல் மசூதி, அங்கேதான் இருக்கிறது. யுத்தத்தின் குண்டு வீச்சுக்கும், பிறகு வந்த பூகம்பத்துக்கும் தப்பி நிற்கிறது. சற்று மேலே பளிங்கில் ஒரு ஜைனக் கோவில். 1985இல் கட்டியது. முத்து வியாபாரத்துக்காக வந்து தங்கிய நம் நாட்டுக் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. கோவில் வாசலில் நின்று குட்டி கையெடுத்துக் கும்பிட்டபோது கண் கலங்கியது. "நம்ம ஜனங்க எங்கே போனாலும் ஒரு கோவில் கட்டிடறாங்கடி" என்றாள்.

காலையில் ஆறரைக்கு எங்கள் தெருப் பூங்காவில் வயசானவர்கள் கூடி, வானொலியில் வரும் பியானோ இசைக்குத் தகுந்தபடி உடற்பயிற்சி செய்வார்கள். 1928இல் தொடங்கிய வழக்கம். பத்தே நிமிஷம்தான். கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு, மெல்லக் குதி. மொழியே வேண்டாம், முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். குட்டி முதல் நாள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். இரண்டாம் நாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றுவிட்டாள். முழங்கால் காரணமாகக் குதிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. ஹிமேஜி கோட்டைக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் கோட்டைக்குள் படிகள் செங்குத்து. குட்டியின் முழங்காலுக்கு ஆகாது. டீச்சரை என்னவர் அழைத்துப் போவது, நானும் குட்டியும் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் கிளம்பிப் போனதும் குட்டி தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே? இந்த மெரூன் கலர் ரயில்ல நான் தனியா ஒரு தடவை போயிட்டு வரட்டுமா? எனக்குத் தெரிஞ்சு நான் தனியா ரயில்ல போனதே இல்லை. முதல்ல அப்பா, அப்புறம் இவர், இப்ப பையன்."

எனக்குத் திக்கென்றது. மகன் சொன்ன வார்த்தை காதில் ஒலித்தது. பாஷை தெரியாத ஊர், இன்சுலின் போடுகிற உடம்பு. வழக்கத்தைவிட அதிகம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். ஏதாவது ஆனால் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். ஹாஸ்டலில் வார்டனிடம் சினிமாவுக்கு அனுமதி கேட்கும்போது இருந்த அதே முகம். அறுபது வயசில் ஒரு பெண் மூன்று ஸ்டேஷன் தூரத்துக்கு அனுமதி கேட்கிறாள்! யாரிடம்? என்னிடம்! எனக்கு வெட்கமாக இருந்தது.

"போயிட்டு வா" என்றேன்.

சாப்பிட வைத்து, சர்க்கரையைப் பரிசோதித்த பிறகே அனுப்பினேன். பையில் ஒரு கைப்பிடி சர்க்கரை மிட்டாய், தண்ணீர், இரண்டு சப்பாத்தி. கை நடுங்கினாலோ, வேர்த்தாலோ உடனே உட்கார்ந்து மிட்டாயை வாயில் போட வேண்டும் என்று சொன்னேன். ஒரு அட்டையில் எங்கள் விலாசம், போன் நம்பர், 'எனக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறேன்' என்ற வரி, எல்லாவற்றையும் ஜப்பான் மொழியில் எழ்திக் கொடுத்தேன். வழி தெரியாவிட்டால் தெருமுனைப் போலீஸ் சாவடியில் அட்டையைக் காட்டச் சொன்னேன். ஆம்புலன்சுக்கு 119. "ரொக்கோ ஸ்டேஷன்ல ஏறு. மூணாவது நிறுத்தம் சன்னோமியா. இறங்கிக் கடல் பக்கம் நட. திரும்பி வரும்போது மலையைப் பார்த்து நட. இரண்டு மணிக்குள்ள வந்துடு."

அவள் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மடித்த துணியையே மறுபடி மடித்தேன். ஒரு மணிக்கு மகனின் போன். "அம்மா எங்கே ஆன்ட்டி?" "வெளியே போயிருக்கா." "யாரோட?" "தனியாத்தான்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. குட்டி! கையில் ஒரு கட்டுக் கீரை, முகம் முழுக்கச் சிரிப்பு. முதலில் சர்க்கரையைப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. சப்பாத்தி இரண்டையும் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறாள்.

சன்னோமியாவில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்து, மாநகராட்சிக் கட்டிடத்தை ஒட்டிய பூங்காவில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தீபம் எரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஜப்பானியப் பாட்டி, தீபத்தைக் காட்டி ஏதோ சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாளாம். குட்டி அதை எடுத்து நீட்டினாள். '5:46' என்று இருந்தது.

"இது என்னடி கணக்கு?"

சொன்னேன். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிஷத்துக்குத்தான் இந்த ஊரைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. 6,434 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்தத் தீபம். ஒவ்வொரு ஜனவரி 17ஆம் தேதியும் அதே நேரத்துக்கு ஜனங்கள் அங்கே கூடி நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

குட்டி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா யாரைப் பறிகொடுத்தாளோ! எங்க வீட்லயும் விடியற்காலைதான். இவர் போன நேரம் எனக்கும் நிமிஷக் கணக்கா ஞாபகம் இருக்கு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. அந்தம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதான் நேரமாயிடுச்சு" என்றாள்.

நான் கூட இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தீபத்தைக் காட்டி, வருஷத்தையும் எண்ணிக்கையையும் ஒப்பித்து, போட்டோ எடுத்து, அடுத்த இடத்துக்குக் கிளப்பியிருப்பேன். அந்தப் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

மாலையில் மகனிடம் அவளே பேசினாள். "ரயில்ல போனேன்டா. தனியா. டிக்கெட் கார்டை நானே வச்சுத் திறந்தேன்." அவன் என்ன சொன்னானோ, "சரிடா, சரிடா" என்று சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிடுமோ என்று நினைத்தேன். அடங்கவில்லை. இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகவே போய் வருகிறாளாம். பையில் மிட்டாயும் அட்டையும் இருக்கிறதாம். அட்டையில் இப்போது தமிழ். காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் அந்தப் பத்து நிமிஷப் பயிற்சி. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்களாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊரை நன்றாகச் சுற்றிக் காட்டுங்கள். பக்குவமாகச் சமைத்துப் போடுங்கள். மருந்து, செருப்பு, ஓய்வு மூன்றையும் கவனியுங்கள். அத்தனையும் செய்த பிறகு, ஒரு அரை நாளை மட்டும் அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள். விலாசம் எழுதிய அட்டை ஒன்று பையில் இருக்கட்டும். நீங்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டு இருங்கள்.