இலையைத் திருப்பிப் பாருங்கள்!

தெலுக் இந்தான் என்றதும் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பட்டணத்தைத் தாண்டி ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் இன்னொரு காட்சியும் காணலாம். வழியெல்லாம் செம்பனை, கடலை நெருங்க நெருங்கத் தென்னை. தோட்டத்துச் சடக்கு ஓரத்தில் வரிசை வரிசையாய்ப் பூச்செடிகள். காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும் அந்தப் பூவை மலாய்க்காரர்கள் ‘பூங்ஙா புக்குல் லாப்பான்’, அதாவது எட்டு மணிப் பூ என்கிறார்கள்.

தோட்ட நிர்வாகம் இதை அழகுக்காகவா நட்டது? இல்லை. செம்பனை ஓலையில், காய்ந்த இலைத் துணுக்குகளை ஒட்டிச் செய்த சின்னஞ்சிறு பைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதுதான் ‘ஊலாட் புங்குஸ்’ என்னும் பொதிப்புழு. இதன் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. பையை விட்டு வெளியே வராமலே, அதற்குள் நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு மடிந்துபோகிறது. பொரித்த குஞ்சுகள் நூலிழையில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்ச் சேரும். புழு மிகுந்துவிட்டால் மரமே தீயில் வாட்டியதுபோல் ஆகிவிடும். குலை குறையும், குலை வெட்டுகிறவர் கைக்கு வரும் காசும் குறையும். 2013-இல் அரசாங்கம் இதை ஆபத்தான பூச்சி என்று அறிவித்ததே இதனால்தான்.

எட்டு மணிப் பூவின் தேனைக் குடிக்கும் சிறு குளவிகள் இந்தப் புழுவைத் தேடிப்போய் அதன்மேல் முட்டையிடுகின்றன. குளவிக் குஞ்சு புழுவைத் தின்று வளர்கிறது. அந்தக் குளவிக்குச் சோறு போடத்தான் சடக்கோரத்தில் பூச்செடி!

நிர்வாகம் ஆயிரம் ஏக்கரில் செய்வதை நாம் லயத்துக் கொல்லையில் செய்யலாமே. அதற்கு எந்த முட்டை நண்பனுடையது, எது பகைவனுடையது என்று தெரிய வேண்டும். வாருங்கள், ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும்

கொழுந்து இலையில் ஒற்றை ஒற்றையாக, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கிறதா? அது வண்ணத்துப்பூச்சியின் முட்டை. சில நாட்களில் பொரிக்கும். அதில் வரும் புழு முதலில் பறவை எச்சம்போலவே இருக்கும். பிறகு பச்சை நிறமாகிக் கொழுந்தையெல்லாம் மொட்டையடித்துவிடும். செடி முழங்கால் உயரம்தான் என்றால் முட்டையை விரலால் தள்ளிவிடுங்கள். மரமாக வளர்ந்துவிட்டதா? பத்து இலை போனால் போகட்டும். பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி பார்க்கட்டும்.

கத்தரிச் செடி

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக, நெட்டுக்குத்தாக நிற்கும். பொறிவண்டின் முட்டைதான். ஆனால் பொறிவண்டிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று செடிப்பேனைத் தின்னும் நல்ல வண்டு. மற்றது முதுகில் நிறையப் புள்ளிகளோடு, பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும். கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். முட்டையைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். எனவே பக்கத்தைப் பாருங்கள். செடிப்பேன் மொய்த்த இடமானால் பெரும்பாலும் நண்பன். இலை சல்லடையாய் இருந்தால் பகைவன். அந்த இலையைக் கிள்ளிச் சவுக்காரத் தண்ணீரில் போடுங்கள்.

பயற்றங்காய்ப் பந்தல்

சின்னச் சின்னப் பீப்பாய்களை அடுக்கி வைத்ததுபோல, இடைவெளி இல்லாமல் வரிசையாக முட்டைகள் இருந்தால், அவை காய்ச்சாற்றை உறிஞ்சும் பச்சை நாற்றப்பூச்சியுடையவை. வெளிர்மஞ்சளாகவோ சிவந்தோ இருந்தால் இலையோடு எடுத்து நசுக்கிவிடுங்கள். கறுத்துப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்கே எட்டாத சிறு குளவி அவற்றுக்குள் தன் முட்டையை வைத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதிலிருந்து நாற்றப்பூச்சி வராது, குளவிதான் வரும்.

நூல் நுனியில் முத்து

மயிரிழைபோன்ற காம்பின் நுனியில் வெள்ளை மணி வைத்ததுபோல் சில முட்டைகள் நிற்கும். பூஞ்சணம் என்று துடைத்துவிடாதீர்கள். கண்ணாடிபோன்ற சிறகுள்ள பச்சைப் பூச்சியொன்றின் முட்டைகள் அவை. அதன் குஞ்சுகள் செடிப்பேனுக்கு எமன். பசி வந்தால் ஒன்றையொன்று தின்னும் குணமுள்ளவை என்பதால்தான் தாய் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் காம்பில் வைக்கிறது.

வேலிக்குச்சியில் நுரை

கும்பிடுபூச்சி தன் வயிற்றிலிருந்து நுரையைக் கக்கி, அதற்குள் அடுக்கடுக்காய் முட்டையிடும். நுரை காய்ந்து பழுப்பு நிறத்தில் கெட்டியாகிவிடும். குச்சியிலும் பலகைச் சுவரிலும் இதைக் காணலாம். சில வாரங்களில் எறும்பளவு குஞ்சுகள் வரிசையாக இறங்கும். இது கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அடுப்படி அலமாரி மூலையில் கிடக்கும் கரும்பழுப்பு அவரைவிதை போன்ற கூடு வேறு, அது கரப்பான்பூச்சியுடையது. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து குஞ்சு இருக்கும். அதை அடுப்பில் போடுங்கள்.

எருக்குழி

வீட்டோரம் தென்னையோ செம்பனையோ இருந்தால் மட்கிய மரத்தையும் குப்பைக் குவியலையும் அவ்வப்போது கிளறுங்கள். கொம்புள்ள காண்டாமிருக வண்டு அங்கேதான் வெள்ளை முட்டையிடும். வெண்புழுக்களைக் கோழிக்குப் போட்டால் கோழிக்கும் நல்லது, குருத்துக்கும் நல்லது.

தாய்மார்களே, இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. செடியில் முட்டையைக் கண்டவுடன் மருந்து அடிக்கத் தோன்றுகிறது. கெட்டியான கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது. காவலுக்கு வந்த குளவியும் பொறிவண்டும்தான் முதலில் சாகும். அடுத்த தடவை பகைப்பூச்சி இரட்டிப்பாய் வரும். பகலெல்லாம் தோட்டத்தில் மருந்துப் பம்பைச் சுமக்கும் பெண்களுக்கு அந்த நெடி எப்படிப்பட்டது என்று நாம் சொல்லத் தேவையில்லை. அதே மருந்தை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் பறித்துத் தின்னும் வெண்டியிலும் பயற்றங்காயிலும் அடிக்கவேண்டுமா?

எந்த முட்டை என்று தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. இலையோடு கிள்ளி ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினமும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெளியே வருவது நண்பனானால் செடியில் விடுங்கள். பகைவனானால் கோழி காத்திருக்கிறது!