நூறு கோடியில் ஒன்று



சென்ற ஞாயிறு மறையுரையில், ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்தபின், ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என மிஞ்சிய துகள்களே விண்மீன்களும் நாமும் ஆயின என்றேன். அதுவரை சரி. அந்த ஒன்றை மிச்சம் வைத்தது இறைவனின் விரல் என்றும் சொல்லிவிட்டேன். பூசை முடிந்ததும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சுவாமி, காரணத்தை நாளை கண்டுபிடித்துவிட்டால் அந்த விரலை எங்கே வைப்பீர்கள்?"

1964இல் குரோனினும் ஃபிட்சும், கேயான் துகள்களின் சிதைவில் பொருளும் எதிர்ப்பொருளும் சற்றே வேறுபடுவதைக் கண்டனர். இத்தனை மிச்சத்துக்கு அது போதாது, தேடல் தொடர்கிறது.

பெருவெடிப்புக் கொள்கையின் முன்னோடி லெமெத்ர் ஒரு குருவானவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டியபோது அவர் மகிழவில்லை. குருமடத்திலேயே இதைப் படித்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.